கோட்டில் எழுந்த மாளிகை

ஒரு பொருளைக் காண்டல் வேறு. கண்டதனைக் கையால் வரைதல் வேறு. நாடோறும் நாம் கடந்து செல்லும் கட்டடம் ஒன்றன் முகப்பில் எத்தனை சாளரங்கள் உள என எவரேனும் வினவின், நம்மிற் பெரும்பாலார் விடை கூறாது விழிப்போம். வரையத் தொடங்கிய பின்னரே சாளரங்கள் எண்ணப்படுகின்றன. தூணுக்கும் தூணுக்கும் இடையே உள்ள தொலைவு கண்ணிற் படுகின்றது. வெயில் எப்பக்கத்தினின்று வருகின்றது என்னும் வினா எழுகின்றது. இவ்வுண்மையைச் சென்ற தை மாத விடுமுறையில் யாம் நேரில் உணர்ந்தோம். சென்னை மாநகராட்சியின் இருப்பிடமாகிய ரிப்பன் மாளிகையை, ஒரு நிழற்படத்தைத் துணையாகக் கொண்டு, கணிப்பொறியில் வெக்டர் ஓவியமாக எழுதிய முறையினை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இத்தொழிலோடு என்ன தொடர்பு என நேயர் சிலர் வினவுதல் கூடும். அதற்குரிய விடையும் இக்கட்டுரையுள்ளேயே உளது.

கணிப்பொறியிற் காணும் படங்கள் இருதிறத்தன. நிழற்படக் கருவி தருவது புள்ளிப்படம். அதனைப் பெரிதாக்கி நோக்கின், பிக்சல் எனப்படும் சிறு சதுரங்கள் பாய் முடைந்தாற்போல நிரல்படக் கிடத்தல் தெரியும். அகலம் 4,000 சதுரமும் உயரம் 3,000 சதுரமும் உடைய படத்தில் 1 கோடியே 20 லட்சம் சதுரங்கள் உள. அவற்றுள் எது தூண், எது வானம் என்பதனைப் படம் அறியாது. ஒவ்வொரு சதுரத்தின் நிறத்தை மட்டுமே அஃது அறியும். வெக்டர் ஓவியமோ கட்டளைகளின் தொகுதி. இன்ன புள்ளியினின்று இன்ன புள்ளிவரை இவ்வாறு வளைந்து ஒரு கோடு செல்க. அக்கோடு சூழ்ந்த இடத்தை இன்ன நிறம் நிரப்புக என்பனவே அக்கட்டளைகள். அஞ்சலட்டை அளவில் அச்சிடினும் சுவரளவில் அச்சிடினும் கட்டளை ஒன்றேயாதலின், பெரிதாக்குந்தோறும் கணிப்பொறி மீண்டும் கணக்கிட்டுப் புதிதாகவே வரைகின்றது, விளிம்பு மழுங்குவதில்லை.

இவ்வளைகோட்டின் கணக்கு ஓவியரிடத்துப் பிறந்ததன்று; மோட்டார் வண்டித் தொழிற்சாலையிற் பிறந்தது. பிரான்சு நாட்டில் சித்ரோயன் தொழிற்சாலையிற் பணிபுரிந்த பால் தெ காஸ்டெல்ஜோ என்பார், வண்டியின் உடல் வளைவுகளை எண்களாற் குறிக்கும் முறையினை 1959ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். அந்நிறுவனம் அதனைத் தொழில் மறையாகக் காத்தது. ரெனோ தொழிற்சாலையைச் சார்ந்த பியேர் பெசியர் என்பார் 1960ஆம் ஆண்டுகளில் அத்தகைய முறையினைத் தாமும் வகுத்து உலகறிய வெளியிட்டார். ஆதலின் இன்று அக்கோடு பெசியர் கோடு என்றே வழங்குகின்றது. 1963ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாண்ட் என்பார் அமெரிக்காவில் கணிப்பொறித் திரைமீது ஒளிக்கோல் கொண்டு படம் வரையும் ஏற்பாட்டினைக் காட்டினார். 1987ஆம் ஆண்டில் அடோபி நிறுவனத்தின் இல்லஸ்ட்ரேட்டர் என்னும் மென்பொருள் வெளிவந்தது. யாம் கையாண்டது 2003ஆம் ஆண்டிற் தோன்றிய இங்க்ஸ்கேப் என்பது. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம் என்பதே யாம் அதனைத் தேர்ந்தமைக்குக் காரணம்.

பெசியர் கோட்டின் இயல்பு எளிது. இரு முனைகள் கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும். ஒவ்வொரு முனையிலும் கைப்பிடி ஒன்று உண்டு. கைப்பிடி எத்திசையை நோக்குகின்றதோ அத்திசையிற் கோடு புறப்படும். கைப்பிடி நீளுந்தோறும் வளைவு அப்பக்கம் மிகுதியாக இழுக்கப்படும். கைப்பிடி இரண்டும் ஒரே நேர்மையிற் கிடப்பின் கோடும் நேராகும். கோடுதல் என்னும் வினை நம் மொழியில் வளைதலைக் குறிக்கும். நேராக இழுப்பதற்கும் கோடு என்றே பெயர். வளைவையும் நேர்மையையும் ஒரே சொல்லால் வழங்கிய முன்னோர்க்குப் பெசியர் கோடு வியப்பாகத் தோன்றியிராது.

இனி, இத்தொழிலில் எமக்கு விருப்பம் உண்டான வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். எம் தந்தையார் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். கடைகளின் பலகைகள், லாரிகளின் முகப்பு, தேவாலயச் சுவர்களில் ஆண்டு வசனம், தேர்தற் காலத்தில் கட்சிச் சின்னம் ஆகிய யாவும் அவர் கையால் எழுதப்பட்டன. திரைப்பட விளம்பரங்களைத் துணியிலும் தகட்டிலும் எழுதிய கூடங்களிலும் அவர் இளமையிற் பணிபுரிந்தார். உள்ளங்கையளவு நிழற்படத்தின்மீது பென்சிலாற் கட்டம் போடுவர்; நாற்பதடித் துணியின்மீது சுண்ணத்தூள் தேய்த்த நூலைச் சுண்டி அதே எண்ணிக்கையிற் பெருங்கட்டம் போடுவர்; சிறு கட்டத்தில் உள்ள கோட்டினைப் பெருங்கட்டத்திற்கு ஒவ்வொன்றாக மாற்றுவர். கணிப்பொறி கணக்கினாற் செய்யும் பெருக்கத்தை அவர்கள் நூலினாற் செய்தனர் என்க.

பின்னர்ப் பிளக்ஸ் என்னும் அச்சுத்துணி வந்தது. நால்வர் ஒரு வாரம் எழுதிய பலகையை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அச்சிட்டுத் தந்தது, விலையும் குறைவு. யாம் பிறந்த காலத்தை அடுத்துச் சென்னையில் கையெழுத்துப் பலகைத் தொழில் பெரும்பாலும் ஓய்ந்தது. எம் தந்தையார் சுவர்களுக்கு வண்ணம் பூசும் வேலைக்குச் சென்றார்; இன்றும் செல்கின்றார். தூரிகைகளை மட்டும் மண்ணெண்ணெயிற் கழுவித் தகரப் பெட்டியில் வைத்திருக்கின்றார். அவருடைய தொழிலைக் கொண்டுசென்றது கணிப்பொறி; அக்கணிப்பொறியிலேயே படம் வரைய அவர் பிள்ளையாகிய யாம் விரும்பினோம். இவ்விருப்பத்தை அவரிடம் எங்ஙனம் வெளியிடுவது என்பது எமக்குப் பல நாள் தயக்கமாகவே இருந்தது.

ரிப்பன் மாளிகையைத் தேர்ந்தமைக்குக் காரணம் அதன் ஒழுங்கும் வெண்மையுமாம். 1688ஆம் ஆண்டில் ஏற்பட்ட சென்னை மாநகராட்சிக்கு உரிய இம்மாளிகைக்கு 1909ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். 1913ஆம் ஆண்டில் ஹார்டிஞ்ச் பிரபு திறந்து வைத்தார். 1882ஆம் ஆண்டில் உள்ளாட்சிக்கு வழிகோலிய ரிப்பன் பிரபுவின் பெயர் இதற்கு இடப்பட்டது. வரைபடம் வகுத்தவர் ஹாரிஸ் என்பார். கட்டி முடித்தவர் லோகநாத முதலியார். செங்கல்லாற் சுவர் எழுப்பிச் சுண்ணச்சாந்து பூசப்பட்ட இம்மாளிகையின் நீளம் ஏறத்தாழ 250 அடி. அகலம் 126 அடி. நடுவே கடிகாரம் தாங்கி நிற்கும் கோபுரத்தின் உயரம் 132 அடி. கோபுரத்தின் இருபக்கமும் ஒன்றற்கொன்று ஒத்திருத்தலின், ஒரு பாதியை நன்கு எழுதினோர்க்கு மற்றைப் பாதி எளிதாம் என்று தோன்றும். அங்ஙனம் அன்மையைப் பின்னர்க் காட்டுவோம்.

முதற்கண் நிழற்படம் வேண்டும். உயர்ந்த கட்டடத்தை அண்மையில் நின்று அண்ணாந்து படம் பிடிப்பின், செங்குத்துக் கோடுகள் யாவும் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கண் இச்சாய்வினைப் பொறுத்துக்கொள்ளும். வரைந்த கோடு பொறாது. கட்டடம் பின்புறமாக விழுவது போலத் தோன்றும். ஆதலின் யாம் மாளிகைக்கு எதிரே சாலையின் மறுபுறத்தில் நின்று, கைப்பேசியைச் சிறிதும் சாய்க்காது நிறுத்திப் படம் எடுத்தோம். கீழ்ப்பாதியில் மிகுதியாக அடங்கிய தரையைப் பின்னர் நீக்கினோம். காலை எட்டரை மணி. மாளிகை தெற்கு நோக்கியது. தை மாதத்துக் கதிரவன் தென்கிழக்கிற் தாழ்ந்து நிற்றலின், வலப்புறமிருந்து வெயில் சாய்ந்து விழுந்தது. ஒவ்வொரு தூணும் தன் இடப்பக்கத்தே நிழல் ஒன்றனை இட்டது. நண்பகலில் எடுத்திருப்பின் இந்நிழல்களின் ஆழம் குறைந்திருக்கும். முகப்பும் தட்டையாகத் தோன்றியிருக்கும்.

இரண்டாவதாக, படத்தைக் கணிப்பொறியில் அடி அடுக்காக வைத்து, மங்கலாக்கி, அசையாது பூட்டினோம். அதன்மேற் கண்ணாடித் தாள்கள் போலப் பல அடுக்குகள் அமைத்தோம். வானம் ஓர் அடுக்கு. சுவர் ஓர் அடுக்கு. சாளரங்கள், தூண்கள், கொடுங்கைகள், நிழல்கள், மரங்கள் என ஒவ்வொன்றற்கும் தனியடுக்கு. கட்டடத்தின் கிடைக்கோடுகள் யாவும் தொலைவில் எப்புள்ளியிற் கூடுகின்றன என்பதனை வழிக்கோடுகள் இழுத்துக் கண்டோம். பார்ப்பவர் கண் எவ்வுயரத்தில் உளதோ அவ்வுயரத்தே தொடுவானக் கோடு அமையும். கிடைக்கோடுகள் கூடும் புள்ளி அக்கோட்டின்மேற் கிடக்கும். இஃது ஐரோப்பிய ஓவியர் 15ஆம் நூற்றாண்டில் வரையறுத்த முறை; 1435ஆம் ஆண்டளவில் ஆல்பெர்ட்டி என்பார் இதனை நூலாக எழுதினார். யாம் நடுவே நில்லாது சிறிது வலப்புறம் ஒதுங்கி நின்றமையால், கோபுரத்தின் ஒரு பக்கச் சுவர் மெல்லிய பட்டையாகத் தெரிந்தது. மறுபக்கச் சுவர் தெரியவில்லை. வலப்பாதிச் சாளரத்தின் உட்சுவர் ஒரு பக்கமாகவும் இடப்பாதிச் சாளரத்தின் உட்சுவர் வேறளவாகவும் காணப்பட்டன. பாதியை எடுத்துத் திருப்பி வைத்தால் ஒளி எதிர்ப்புறமாகிவிடும் என்பதும் வெளிப்படை. கட்டினோர் இருபுறமும் ஒன்றாகவே கட்டினர். கதிரவனும் காண்போனும் அவற்றை இரண்டாக்கிவிட்டனர். ஆதலின் கோடுகளை மட்டும் படியெடுத்து, நிழல்களை ஒவ்வொன்றாகவே எழுதினோம்.

வில்வளைவுகளை எழுதுவதில் இன்பமான கணக்கு ஒன்று உளது. கொத்தனார் நடுவில் ஆணி அறைந்து நூல் பிடித்து அரைவட்டம் இடுவர். பெசியர் கோட்டினால் முழுமையான வட்டம் இடல் இயலாது. ஆயினும் கால்வட்டம் ஒன்றற்குக் கைப்பிடியின் நீளத்தை ஆரத்தின் 0.5523 பங்காக வைப்பின், வேறுபாடு ஆரத்தின் பதினாயிரத்தில் மூன்று பங்கினும் மிகாது. எக்கண்ணும் அதனை அறியாது. முனைகள் குறைந்தால் வளைவு வழவழப்பாகும், மிகுந்தால் நடுங்கும். ஓர் அரைவட்டத்திற்கு மூன்று முனைகளே போதும்.

எல்லாவற்றினும் அரிது வெண்மையை எழுதுதல். ஒரு நாள் மாலை எம் தந்தையார் வேலை முடிந்து வந்து, எமக்குப் பின்னே நின்று திரையை நோக்கினார். கோடுகள் முடிந்திருந்தன, நிறம் இன்னும் இடப்படவில்லை. சிறிது நேரம் வாளா இருந்தவர், “வெள்ளைச் சுவரை வெள்ளையால் எழுத முடியாது, நிழலால்தான் எழுதவேண்டும்” என்றார். பின்னர் நாற்காலி ஒன்றனை இழுத்துப்போட்டு எம்மருகே அமர்ந்தார். வெயில் படும் சுவரிற் சிறிது மஞ்சள் கலந்திருக்கும் என்றும், நிழலிற் கிடக்கும் சுவர் வானத்தின் ஒளியைப் பெறுதலின் நீலம் பாய்ந்திருக்கும் என்றும், கொடுங்கையின் அடிப்பக்கம் இருளாகத் தோன்றினும் தரையிற் பட்டுத் திரும்பும் ஒளியால் அங்கே செம்மண் சாயல் ஒன்று உண்டு என்றும் அவர் படத்திற் சுட்டிக் காட்டினார். யாம் நிழற்படத்தில் அவ்விடங்களின் நிறத்தை எடுத்து அளந்து நோக்கினோம். அவர் கூறியவாறே எண்கள் இருந்தன. முகப்பு முழுவதிலும் தூய வெண்மை உடைய இடம் மிகச் சிறிதே. “கண்ணாடியைக் கறுப்பாக்காதே, கதவுக்குள்ளும் காற்று இருக்கிறது” என்றும் சொன்னார். ஆதலின் சாளரங்களுக்குக் கரிய நிறம் இடாது, மேலே ஆழ்ந்தும் கீழே சிறிது வெளிறியும் வருமாறு கிரேடியன்ட் என்னும் படிநிறம் இட்டோம். கிளைகளின் நிழல், மழைநீர் வடிந்த கறை ஆகியவற்றை மெல்லிய ஒளியூடுருவும் வடிவங்களாக ஆங்காங்கே சேர்த்தோம். அன்று முதற் பத்து மாலைகள் இருவரும் அருகருகே அமர்ந்து அவ்வேலையைச் செய்தோம். எம் தயக்கத்தை யாம் வாய்திறந்து சொல்ல வேண்டிய தேவை உண்டாகவில்லை.

படத்திற் கண்டன யாவற்றையும் எழுதுதல் வேண்டுமோ என்னும் வினா இடையில் எழுந்தது. மாளிகையின் குறுக்கே மின்கம்பிகள் சென்றன. ஒரு மரம் இடச்சிறகின் மூன்று சாளரங்களை மறைத்தது. பேருந்து ஒன்று வாயிலை மறைத்து நின்றது. பேருந்து அன்று வந்து அன்றே சென்றது, அதனை விடுத்தோம். மரம் அங்கேயே வளர்ந்தது, அதனை வைத்தோம். கம்பிகளையும் நீக்கினோம். கடிகாரத்தின் முட்களைப் படத்தில் இருந்தவாறே எட்டரையில் வைத்தோம். நிழல் காட்டும் நேரமும் கடிகாரம் காட்டும் நேரமும் முரணினால், காண்பவர் காரணம் அறியாராயினும் படம் பொய் என்று உணர்வர். உள்ளது போலத் தோன்றுதல் என்பது எல்லாவற்றையும் திணித்தலன்று. வைத்தவை ஒன்றோடொன்று பொருந்துதலே என அறிந்தோம்.

நிழற்படத்தை ஒரே நொடியில் தானே கோடாக்கித் தரும் வசதியும் மென்பொருளில் உண்டு. அதனையும் செய்து பார்த்தோம். பல்லாயிரம் வடிவங்கள் தோன்றின. ஒரு சாளரத்தின் பாதியும் மரக்கிளையின் பாதியும் ஒரே வடிவமாக ஒட்டிக் கிடந்தன. நிறம் ஒத்தவற்றை அது சேர்த்தது. பொருள் ஒத்தவற்றைச் சேர்க்க அதற்குத் தெரியவில்லை. பொருள் அறியாதான் ஒரு செய்யுளைச் சீர்தோறும் பிரித்துப் படித்தலை அஃது ஒத்திருந்தது.

ஓவியம் முடிந்தபின், எம் தெருவில் உள்ள பிளக்ஸ் அச்சுக்கடைக்காரர் ஒருவர் அதனைக் கண்டு, இருபதடி அகலத்தில் அச்சிடுதற்கு விலை பேசினார். எமக்கு அப்பணம் தேவையே. தேர்வுக் கட்டணம் செலுத்தும் காலம் அது. ஆயினும் அக்கடையின் பெயர்ப்பலகை இருக்கும் இடத்தில் முன்பு எம் தந்தையார் எழுதிய பலகை இருந்தது என்பதனை யாம் அறிவோம். உடன்பட மனம் வரவில்லை. அவரிடமே கேட்டோம். “இதை எவ்வளவு பெரிதாக அடிக்கலாம்?” என்று வினவினார். எவ்வளவு பெரிதாயினும் கோடு கலங்காது என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “கொடு. ஆனால் மூலையிற் பெயர் எழுதிக் கொடு, நாங்கள் பெயர் எழுதாமல் எந்தப் பலகையையும் அனுப்பியதில்லை” என்றார்.

கணிப்பொறியில் உள்ள அச்செழுத்துக்களால் அப்பெயரை அமைக்க யாம் விரும்பவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து தட்டைத் தூரிகை ஒன்றனை எடுத்துக் கொடுத்தோம். அவர் வெள்ளைத் தாளில் எம் பெயரைத் தம் பழைய கடைப்பலகை எழுத்தில் எழுதினார். முதலெழுத்து அவருடையது, பின்வருவது எம்முடையது. அத்தாளைப் படம் எடுத்து, அவர் தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே எழுந்தது என்பன மாறாதவாறு முனைகளும் கைப்பிடிகளும் இட்டுக் கோடாக்கினோம். மாளிகையின் வில்வளைவுகள் அனைத்தையும்விட அவ்வெழுத்துக்களுக்கே மிகுதியான நேரம் சென்றது. கடைக்காரர் அதனை மறுக்காது அச்சிட்டார், பணமும் தந்தார்.

தமிழ் மாணவர்க்கு இதனோடு என்ன தொடர்பு என்னும் வினாவிற்கு இதுவே எம் விடை. நம் மொழியில் ஓவியத்தை வரைவது மட்டுமன்று, எழுதுவதும் உண்டு. மை எழுதுவர், கோலம் எழுதுவர், சித்திரம் எழுதுவர், ஏடும் எழுதுவர். கண்ணால் உற்று நோக்கி, வேண்டுவன கொண்டு வேண்டாதன விடுத்து, கையால் நிலைபெறுத்தும் செயல் யாவற்றிற்கும் ஒரே வினை.

ரிப்பன் மாளிகையை அடுத்து மூர் மார்க்கெட் என்னும் செங்கற் கட்டடம் ஒன்று 1900ஆம் ஆண்டு முதல் நின்றது. பழைய நூல்களை நாடித் தமிழறிஞரும் மாணவரும் அங்கே சென்று வந்தனர். 1985ஆம் ஆண்டில் அது தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இன்று புகைவண்டி நிலையத்தைச் சார்ந்த கட்டடம் நிற்கின்றது. பழைய நிழற்படங்களிற் காணும் பக்கங்களை மட்டுமே இனி ஒருவர் வரைதல் கூடும். எவரும் படம் எடாத பக்கம் எவர்க்கும் கிடையாது. ஆதலின் நேயர்காள், நும் ஊரில் நிற்கும் பழைய பள்ளியையோ, சத்திரத்தையோ, நும் பாட்டனார் வீட்டையோ ஒரு காலைப்பொழுதிற் சென்று நான்கு பக்கமும் படம் எடுத்து, கோடு கோடாக எழுதி வைமின். சுவருக்கு வண்ணம் பூசுவோர் எவரேனும் நும் வீட்டில் இருப்பின், அவரை அருகே அமர்த்திக்கொண்டு எழுதுமின்.